கையால் பிடிக்காமல் படம் பிடிப்போம்!



நம் இல்லங்கள் பலவற்றில் கொல்லைப்புறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். பழைய வீடாயின் கிணற்றடியை ஒட்டிக் கட்டிய சிமெண்ட் தொட்டி. புதிய வீடாயின் அழகுக்காக அல்லி வளர்க்கும் சிறு குளம். அத்தொட்டியை நோக்கி இரு கைகள் நீள்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒன்று சிறு பிள்ளையின் கை. ஓரத்துப் புல்லில் அமர்ந்திருக்கும் ஊசித்தட்டானின் வாலைப் பிடித்து, அதில் நூல் கட்டிப் பறக்கவிட்டு மகிழ விரும்பும் கை அது. மற்றொன்று பெரியவர் ஒருவரின் கை. அக்கையில் மண்ணெண்ணெய்ப் புட்டி இருக்கிறது. "கொசு பெருகிவிட்டது, கொஞ்சம் ஊற்றிவிட்டால் தொல்லை ஒழிந்தது" என்பது அவர் எண்ணம்.

இவ்விரு கைகளிலும் கெட்ட நோக்கம் ஏதுமில்லை. பிள்ளை விளையாட விரும்புகிறது. பெரியவர் குடும்பத்தைக் காக்க விரும்புகிறார். எனினும் இருவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அந்த நீரில் என்ன வாழ்கிறது, எப்படி வாழ்கிறது என்பதை அருகில் சென்று நிதானமாகப் பார்க்காத குறை அது. அதைப் போக்கும் எளிய கருவி இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. கைபேசியிலுள்ள கேமராவைத்தான் சொல்கிறேன். சிறு பூச்சிகளை மிக நெருங்கி எடுக்கும் படத்தை 'மேக்ரோ' படம் என்பர். இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

யார் இந்த ஊசித்தட்டான்?

தட்டான் என்றும் தும்பி என்றும் நாம் அழைக்கும் பூச்சிகளில் இரு பெரும் பிரிவுகள் உள்ளன. ஒன்று, உடல் பருத்த தட்டான். அது அமரும்போது நான்கு சிறகுகளையும் இருபுறமும் விரித்து வைத்திருக்கும். அதன் கண்கள் மிகப் பெரியவை; பெரும்பாலான இனங்களில் அவை தலையின் உச்சியில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். மற்றொன்று, ஊசிபோல் மெலிந்த ஊசித்தட்டான். அது அமரும்போது சிறகுகளை முதுகின்மேல் ஒன்றாகச் சேர்த்து மடித்துக்கொள்ளும். சில இனங்கள் மட்டும் பாதி விரித்து வைக்கும். அதன் கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் விலகி நிற்கும். இவ்விரு அடையாளங்களை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அரை நாளில் அவர்கள் உங்களைவிட விரைவாக இனம் பிரித்துவிடுவார்கள்!

உலகில் இதுவரை அறியப்பட்டுள்ள தட்டான், ஊசித்தட்டான் இனங்கள் 6,000-க்கும் மேற்பட்டவை. டேனிஷ் நாட்டு அறிஞர் ஃபேப்ரீசியஸ் 1793-ஆம் ஆண்டில் இக்கூட்டம் முழுமைக்கும் 'ஒடோனேட்டா' என்று பெயர் சூட்டினார். 'பல்லுடையவை' என்பது அதன் பொருள். வலிமை வாய்ந்த தாடைகளைக் குறித்து எழுந்த பெயர் அது. அவரே 1798-இல் பெயரிட்ட ஓர் ஊசித்தட்டானை நீங்கள் பலமுறை பார்த்திருக்கக்கூடும். ஆணின் உடல் மஞ்சள் கிழங்கைப் போன்ற பளீரென்ற மஞ்சள் நிறம். பெண் சற்று மங்கிய பழுப்பு. நீளம் 4 செ.மீ. அளவு. புல்லும் நீரும் இருக்கும் இடமெல்லாம் தாழப் பறக்கும். அதன் அறிவியற் பெயர் 'செரியாக்ரியான் கோரமண்டலியானம்'. நம் சோழமண்டலக் கரையின் பெயரையே அப்பூச்சி சுமந்துகொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய உயிரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இன்னும் சிறிய ஊசித்தட்டானும் உண்டு. அது 2 செ.மீ. நீளமே இருக்கும். புல்நுனியில் அமர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. அதன் மார்பிலுள்ள பச்சைக் கோடுகளையும், ஆணின் வால்நுனியிலுள்ள செங்கல் நிறத்தையும் படம் எடுத்துப் பெரிதாக்கிய பிறகே பெரும்பாலோர் முதன்முதலாகக் காண்பர்.

வால் அன்று, வயிறு

என்னிடம் ஓத வரும் சிறுவர்களுள் ஒருவன், ஒருநாள் தீப்பெட்டிக்குள் ஓர் ஊசித்தட்டானை அடைத்துக் கொண்டுவந்தான். அதன் வாலில் தையல் நூல் கட்டியிருந்தது. நான் அவனைக் கடியவில்லை. மேசையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை அவன் கையில் கொடுத்து, "நூல் எங்கே கட்டியிருக்கிறது பார்" என்று மட்டும் சொன்னேன். அவன் நெடுநேரம் பார்த்தான். "ஹஜ்ரத், இது மூச்சு விடுகிறது. நூல் கட்டிய இடம் நசுங்கியிருக்கிறது" என்றான். பிறகு அவனே நூலை அறுத்தான். ஆயினும் அப்பூச்சி நேராகப் பறக்கவில்லை. தரையில் சாய்ந்து சாய்ந்து சென்றது.

அவன் பார்த்தது சரியே. நாம் வால் என்று சொல்வது வாலே அன்று. அது அப்பூச்சியின் வயிறு. பத்துக் கண்டங்களாகப் பகுக்கப்பட்ட அந்த மெல்லிய குழாய்க்குள் உணவுக் குடல் செல்கிறது. உடல் முழுவதும் குருதியைச் செலுத்தும் நீண்ட குழாயும் அதன் முதுகுப் பக்கத்தில் ஓடுகிறது. பெண்ணாயின் முட்டைகள் இருப்பதும் அங்கேதான். கண்டங்களின் இருபுறமும் மூச்சுத் துளைகள் உள்ளன. ஊசித்தட்டான் அமர்ந்திருக்கையில் வயிறு மெல்ல விரிந்து சுருங்குவதைக் கூர்ந்து நோக்கினால் காணலாம். அதில் நூலை இறுக்குவது நம் இடுப்பில் கயிற்றைச் சுற்றி இழுப்பதற்கு ஒப்பாகும்.

வாயற்ற உயிர்களிடம் இரக்கம் காட்டவேண்டும் என்பது நம் வீடுகளுக்குப் புதிய பாடம் அன்று. ஆனால் 'இரக்கம் காட்டு' என்று நூறு முறை சொல்வதைவிட, 'இதைப் பார்' என்று ஒருமுறை காட்டுவது பிள்ளைகளின் நெஞ்சில் ஆழப் பதிகிறது. மேக்ரோ படத்தின் முதல் பயன் இதுவே.

மேக்ரோ என்பது என்ன?

கேமராவுக்குள் படம் விழும் பரப்பு ஒன்று உண்டு. முன்பு அது ஃபிலிம். இப்போது 'சென்சார்' எனும் மின்னணுத் தகடு. ஒரு பொருள் எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில் அதன் பிம்பம் அப்பரப்பில் விழுந்தால் அதனை 1:1 என்பர். முழு அளவு மேக்ரோ என்பது இதுதான். பெரிய வகைக் கேமராக்களில் அப்பரப்பு 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் உடையது. அப்படியானால் 4 செ.மீ. நீளமுள்ள மஞ்சள் ஊசித்தட்டான் 1:1 அளவில் முழுமையாகச் சட்டத்துக்குள் அடங்காது! தலையும் மார்பும் வேண்டுமா, முழு உடலும் வேண்டுமா என்று எடுப்பவர் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். முழு உடல் வேண்டுமென்றால் சற்று விலகி நிற்றல் போதும்.

இதற்கெனத் தனி லென்ஸ்கள் உள்ளன. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 1:1 அளவில் படமெடுக்கும்போது, லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே ஏறத்தாழ 15 செ.மீ. இடைவெளி கிடைக்கும். 60 மி.மீ. லென்ஸில் இவ்விடைவெளி இன்னும் குறையும். பூச்சி அஞ்சிப் பறந்துவிடும் வாய்ப்பும் கூடும். இத்தகைய லென்ஸ்களின் விலை அதிகம். சிக்கனமாகச் செய்ய விரும்புவோர் பழைய 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டுவதற்கான வளையத்தைப் பயன்படுத்தலாம். அல்லது லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாய்களைப் பொருத்தலாம். 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் வைத்தால் 1:1 அளவு வந்துவிடும். கணக்கு அவ்வளவு எளிது.

கைபேசி மட்டுமே உள்ளவர்கள் மனம் தளரவேண்டாம். பல கைபேசிகளில் மேக்ரோ வசதி உள்ளேயே இருக்கிறது. இல்லையேல் கேமராவின்மேல் கவ்விக்கொள்ளும் சிறு லென்ஸ் கடைகளில் கிடைக்கும். ஆனால் இவ்வகைகளில் பூச்சிக்கு 2 அல்லது 3 செ.மீ. தொலைவு வரை நெருங்கவேண்டியிருக்கும். அங்கேதான் கருவியைவிடப் பொறுமை பெரிதாகிறது.

பஜ்ருக்குப் பின் வரும் அரைமணி நேரம்

பூச்சிகள் தம் உடலின் சூட்டைத் தாமே நிலையாக வைத்துக்கொள்ள இயலாதவை. இரவின் குளிரில் அவற்றின் தசைகள் தளர்ந்துவிடும். வெயில் ஏறி உடல் சூடாகும் வரை அவற்றால் நன்கு பறக்க இயலாது. எனவே, பஜ்ருத் தொழுகையை முடித்துப் பள்ளியிலிருந்து திரும்பும் ஆண்களுக்கும், வீட்டில் தொழுது முடித்த பெண்களுக்கும் இதற்கு மிகச் சிறந்த பொழுது கையிலேயே இருக்கிறது! வெளிச்சம் பரவத் தொடங்கிய பின் வரும் அந்த அரைமணி நேரத்தில் காற்றும் அடங்கியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் ஊசித்தட்டானின் சிறகிலும் கண்ணிலும் பனித்துளிகள் கோத்து நிற்கும். ஒவ்வொரு துளிக்குள்ளும் தலைகீழாக ஒரு தோட்டம் தெரியும்.

நெருங்கும் முறையிலும் சில ஒழுங்குகள் உண்டு. நின்றபடி குனியாதீர்கள், உட்கார்ந்து, பூச்சியின் மட்டத்துக்கு இறங்கி, மெல்ல நகருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது. நிழல் விழுந்தால் பறவை வந்துவிட்டதென அது பறந்துவிடும். நீங்கள் ஒருபுறம் நெருங்கும்போது ஊசித்தட்டான் தண்டைச் சுற்றி மறுபுறம் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். தண்டின் இரு ஓரங்களிலும் இரண்டு கண்கள் மட்டும் உங்களை எட்டிப் பார்க்கும்! அப்போது துரத்தாதீர்கள். அசையாமல் இருங்கள். சிறிது நேரத்தில் தானே திரும்பி வரும். பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே இடத்துக்கோ அருகிலுள்ள புல்லுக்கோ வந்து அமரும்.

ஒரு மில்லிமீட்டர் உலகம்

மேக்ரோ படத்தில் புதியவர்கள் முதலில் சந்திக்கும் தொல்லை மங்கலான படம். இதற்குக் காரணம் உண்டு. நெருங்க நெருங்க, படத்தில் தெளிவாக விழும் ஆழம் சுருங்கிக்கொண்டே வரும். பெரிய கேமராவில் 1:1 அளவில் லென்ஸின் துளையை எஃப் 8 என்னும் நிலையில் வைத்தால், தெளிவு ஏறத்தாழ 1 மி.மீ. ஆழத்துக்கு மட்டுமே கிடைக்கும். துளையைச் சுருக்கி எஃப் 16-இல் வைத்தால் 2 மி.மீ. கிடைக்கும். அதற்கு மேலும் சுருக்கினால், சிறு துளையின் விளிம்பில் ஒளி சிதறுவதால் படம் முழுவதுமே மென்மையாகி மங்கிவிடும்.

அப்படியாயின் 4 செ.மீ. நீளமுள்ள பூச்சியை எவ்வாறு முழுமையாகத் தெளிவாக எடுப்பது? வழி பூச்சியின் உடலமைப்பிலேயே இருக்கிறது. ஊசித்தட்டான் ஒரு குச்சியைப் போன்றது. அக்குச்சிக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடித்தால் தலை முதல் வால்நுனி வரை ஒரே தளத்தில் அமைந்துவிடும். கேமராவைச் சற்றே சாய்த்தாலும் தலை தெளிந்து வால் மறையும். எல்லாவற்றையும் தெளிவாகப் பெற இயலாதபோது கண்ணை மட்டுமாவது தெளிவாகப் பிடியுங்கள். கண் தெளிந்த படத்தில் மற்றவை மங்கினாலும் பார்ப்பவர் மனம் குறை காணாது. கண் மங்கிய படத்தை வேறு எதுவும் காப்பாற்றாது.

அடுத்தது ஒளி. 1:1 அளவில் சென்சாரில் வந்து விழும் ஒளி, வழக்கமான தொலைவில் எடுக்கும்போது கிடைப்பதில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கையின் நடுக்கமும் அதே அளவு பெரிதாகித் தெரியும். எனவே பலர் ஃபிளாஷ் பயன்படுத்துவர். அதன் ஒளி ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவான நேரமோ மட்டும் மின்னுவதால், அசைவெல்லாம் உறைந்து நிற்கும். ஆனால் நேரடி ஃபிளாஷ், பூச்சியின் வழவழப்பான உடலில் வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணைக் கூசும். ஃபிளாஷுக்கு முன்னே ஒரு வெள்ளைத் தாளையோ பால்நிறப் பிளாஸ்டிக் துண்டையோ பிடித்தால் ஒளி பரவி மென்மையாகும்.

தொட்டியின் மற்றக் குடிமக்கள்

ஊசித்தட்டானைத் தேடிச் சென்ற கண்ணுக்கு மற்றவர்களும் தென்படுவார்கள். நீரின்மேல் நீண்ட கால்களை ஊன்றி வழுக்கிச் செல்லும் பூச்சியைப் பாருங்கள். அதன் கால்களிலுள்ள நுண்ணிய மயிர்கள் நீரை ஒட்டவிடாமல் தள்ளுகின்றன. நீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல்போல் இழுபட்டு நின்று அதைத் தாங்குகிறது. வெயில் நேரத்தில் அதன் படத்தை மேலிருந்து எடுத்தால், தொட்டியின் அடித்தளத்தில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு கருவட்ட நிழல் விழுந்திருக்கும். கால் மெலிந்தது, நிழலோ வட்டமானது! கால் அழுத்திய இடத்தில் நீர் குழிந்து, ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடுவதே அதற்குக் காரணம்.

மல்லாந்தபடி நீந்தும் ஒரு பூச்சியும் உண்டு. துடுப்புப் போன்ற பின்னங்கால்களால் படகு வலிப்பதுபோல் செல்லும். அதைக் கையால் பிடித்தால் ஊசி குத்தியதுபோல் கடிக்கும். பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூட்டமாக வட்டமிடும் கருவண்டுகளைக் கண்டால் அவற்றின் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணும் மேல் பாதி, கீழ் பாதி என இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல் பாதி வானத்தைப் பார்க்கிறது; கீழ் பாதி தண்ணீருக்குள் பார்க்கிறது.

நீருக்குள் ஊசித்தட்டானின் இளமைப் பருவமும் இருக்கிறது. தாய்ப்பூச்சி நீர்ச்செடியின் தண்டைக் கூரிய உறுப்பால் கீறி முட்டையைப் பொதிந்து வைக்கும். அவ்வேளையில் பல இனங்களில் ஆண் அதன் கழுத்தைத் தன் வால்நுனியால் பற்றியபடி அருகிலேயே காவல் நிற்கும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குச் சிறகு இல்லை. வால்நுனியில் இலைபோன்ற மூன்று செவுள்கள் இருக்கும். அதன் கீழுதடு மடித்து வைத்த கைபோன்றது. இரை அருகில் வந்ததும் அது கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு, நுனிக் கொக்கிகளால் பற்றி இழுத்துக்கொள்ளும். பலமுறை தோலுரித்து வளர்ந்த பின், ஒருநாள் அக்குஞ்சு தண்டின்வழியே நீரைவிட்டு மேலேறும். முதுகு பிளந்து சிறகுள்ள பூச்சி வெளிவரும். கூட்டுப்புழு என்னும் உறக்கப் பருவம் இதற்கு இல்லை. புதிதாக வந்த பூச்சி வெளிறி, ஈரமாக, சிறகு கசங்கி இருக்கும். சிறகு விரிந்து இறுகும் வரை அதைத் தொட்டுவிட்டால் வாழ்நாள் முழுதும் சிறகு கோணலாகவே நின்றுவிடும்.

பொய்ச் சாட்சி சொல்லாத படம்

இங்கே ஒரு செய்தியை வருத்தத்துடன் சொல்லவேண்டியுள்ளது. அழகான பூச்சிப் படங்கள் எல்லாமே நேர்மையாக எடுக்கப்பட்டவை அல்ல. பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்போர் உண்டு. காலைப் பசையால் ஒட்டி எடுப்போர் உண்டு. இறந்த பூச்சியை இலைமேல் நிறுத்தி, மேலே தண்ணீர் தெளித்துப் பனித்துளி என்று காட்டுவோரும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் இறந்த மாதிரிகளைப் படமெடுப்பது வேறு. அங்கே அது மறைக்கப்படுவதில்லை. ஆனால் 'இது இப்படி வாழ்கிறது' என்று காட்டிக்கொண்டு, வாழ முடியாத நிலையில் அதை வைத்துப் படமெடுப்பது பொய்ச் சாட்சியே ஆகும்.

படம் என்பது ஒரு சாட்சி. 'இந்த இடத்தில், இந்த நேரத்தில், இவ்வுயிர் இவ்வாறு இருந்தது' என்பதற்கான சாட்சி. ஆகையால் நம் பிள்ளைகளுக்கு ஒரு விதியைக் கற்றுக்கொடுப்போம். படம் எடுத்த பிறகு அப்பூச்சி தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கவேண்டும். அப்போதுதான் அது நல்ல படம். படம் சற்று மங்கியிருந்தாலும் இவ்விதியைக் காத்த படமே உயர்ந்தது. பூச்சியைத் தொடாதிருத்தல், அது அமர்ந்த தண்டை ஒடிக்காதிருத்தல், முட்டையிடும் பூச்சியை நெடுநேரம் தொல்லை செய்யாதிருத்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெய் என்ன செய்கிறது?

இனி, பெரியவரின் கவலைக்கு வருவோம். அது வீண் கவலை அன்று. டெங்குக் காய்ச்சலால் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்த குடும்பங்கள் நம் தெருக்களில் பல உண்டு. ஆகவே 'பூச்சி அழகாக இருக்கிறது, கொசுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று எவரும் சொல்லக்கூடாது. நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மண்ணெண்ணெய் உண்மையில் யாரைக் கொல்கிறது?

கொசுப்புழு தலைகீழாகத் தொங்கி, வால்பக்கக் குழாயை நீரின் மேற்பரப்பில் நீட்டி மூச்சு விடுகிறது. எண்ணெய்ப் படலம் அதை அடைத்துவிடுவதால் புழு இறக்கிறது. ஆனால் கொசுப்புழுவைத் தின்னும் மல்லாந்து நீந்தும் பூச்சியும், நீர்வண்டுகளும் மூச்சுக்காக மேலே வருபவையே, அவையும் இறக்கின்றன. மேற்பரப்பில் வழுக்கும் பூச்சியின் கால் எண்ணெயில் நனைந்து மூழ்குகிறது. ஊசித்தட்டானின் குஞ்சும் அந்த நஞ்சுக்குத் தப்புவது அரிது. சில நாள்களில் எண்ணெய் ஆவியாகிவிடும். அதன் பிறகு முதலில் திரும்பி வருவது யார்? வெப்பமான நம் ஊரில் கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். ஊசித்தட்டான் குஞ்சு வளர்ந்து முடிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே மீண்டும் முதலில் வருவது கொசு. அப்போது அதைத் தின்ன அங்கே எவரும் இருக்கமாட்டார்!

தட்டான் குஞ்சு கொசுப்புழுவைத் தின்பது வெறும் வாய்வழிச் செய்தி அன்று. நம் முன்னோர் பலர் வணிகத்துக்குச் சென்று வாழ்ந்த ரங்கூன் நகரத்திலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. தட்டான் ஆய்வில் புகழ்பெற்ற பிலிப் கார்பெட்டும் பர்மிய ஆய்வாளர்களும் பங்கேற்ற அந்த ஆய்வு 1990-இல் வெளியாயிற்று. வீடுகளின் தண்ணீர்க் கலன்களில், சிவப்புத் தட்டான் ஒன்றின் குஞ்சுகளைப் பொதுமக்களின் ஒத்துழைப்போடு விட்டனர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அவ்வீடுகளில் பெருமளவு குறைந்தது. அந்தச் சிவப்புத் தட்டான் நம் ஊர்க் குளங்களிலும் பறப்பதுதான்.

ஆயினும் இதை வைத்து அலட்சியம் கொள்ளக்கூடாது. ஏடிஸ் கொசு பெரிதும் நாடுவது உயிருள்ள குளத்தை அன்று. மூடாத டிரம், பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மொட்டை மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றில் தேங்கும் நீரையே. அங்கே தட்டான் வந்து நம்மைக் காக்காது. டிரம்மை இறுக மூடுங்கள். மற்றவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். செடியும் உயிர்களும் உள்ள தொட்டியை மட்டும் வேறாக நடத்துங்கள். அதில் கொசுப்புழு இருக்கிறதா என்று அறிய, காலையில் நீர்ப்பரப்பை நெருங்கிப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் புழுக்கள் தென்பட்டால் தேயிலை வடிகட்டி போன்ற சிறு வலையால் வாரி எடுத்து வெயிலில் கொட்டுங்கள். நாள்தோறும் பார்த்தும் குறையவில்லையெனில் சுகாதாரத் துறையினரிடம் தெரிவியுங்கள்.

வீட்டில் தொடங்க ஓர் ஏற்பாடு

பள்ளி விடுமுறை நாள்களில் பிள்ளைகளுக்கு இந்தப் பணியைக் கொடுத்துப் பாருங்கள். வாப்பாவின் கைபேசி அரைமணி நேரம், ஒரு நோட்டுப் புத்தகம், ஓர் எழுதுகோல். தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்தச் செடியில், என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். உம்மாமார்களும் உடன் அமரலாம். நோட்டு நிறைந்து வருகையில், எம்மாதத்தில் எந்தத் தட்டான் வருகிறது, எப்போது போகிறது என்பது உங்கள் வீட்டுக்கே உரிய ஓர் ஆவணமாகிவிடும். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வது உங்கள் தெருவில் எத்தனை முறை பலித்தது என்பதையும் பிள்ளைகளே எண்ணிப் பார்த்துச் சொல்வார்கள்!

தொட்டியைக் கழுவவேண்டிய நாள் வரும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். முழுவதையும் ஒரே நாளில் வடித்துவிடாமல், பாதி நீரையும் சில செடிகளையும் விட்டுவையுங்கள். அதற்கு முன், நீருக்கு மேலே நிற்கும் தண்டுகளை ஒருமுறை உற்று நோக்குங்கள். காகிதம்போல் மெல்லிய, முதுகு பிளந்த வெற்றுத் தோல் ஒன்று ஏதேனும் ஒரு தண்டில் கால்களால் பற்றியபடி ஒட்டியிருக்கக்கூடும். அதை மட்டும் தாராளமாகக் கையால் எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வையுங்கள். அதன் சொந்தக்காரர் அதை விட்டுவிட்டுப் பறந்துவிட்டார்.